இடது பக்கத்து வயலின்கள்

இவங்க ரெண்டு பேரும் பாட்டு வாங்க வரல, சத்தம் வாங்க வந்திருக்காங்க என்று பொன்னி நினைத்துக்கொண்டாள். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கடையில், ஆறு ஸ்பீக்கர் கொண்ட ஒரு செட்டின் முன்னால் அவள் புருஷன் ஏசுதாஸும் அவன் தம்பி ஜோயலும் குனிந்து நின்றார்கள். வழியில் நின்றுபோன காரின் எஞ்சினை எட்டிப் பார்ப்பவர்களைப் போல இருந்தார்கள்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். வீட்டில் பாட்டுக் கேட்க ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று முதலில் சொன்னவளே பொன்னிதான். பத்தொன்பது வருஷமாக அவள் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். முதலில் டிரங்க் கால் போர்டு, அது போன பிறகு நம்பர் விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்லும் மேஜை. காலையில் ஹெட்செட்டை மாட்டினால் மதியம் வரை காதுக்குள் ஜனங்கள்தான். அச்சரப்பாக்கத்து அரிசி மண்டி நம்பர் கேட்பவர், மகாபலிபுரத்து ஓட்டல் நம்பர் கேட்பவர், நம்பர் கிடைத்த பிறகும் வைக்காமல் மருமகளைப் பற்றிச் சொல்லத் தொடங்குபவர். பாட்டு அவளிடம் எதையும் கேட்பதில்லை. அவளுக்குப் பாட்டு பிடித்ததற்கு அது ஒன்றே போதுமான காரணமாக இருந்தது. வீட்டு டேப்ரிக்கார்டர் நாடாவை விழுங்க ஆரம்பித்த சமயத்தில், ஆபீசில் ஒருத்தி நூற்றைம்பது பாட்டு அடங்கிய ஒற்றை சி.டி.யைக் காட்டினாள். கம்ப்யூட்டரில் போட்டால் வரிசையாகப் பாடிக்கொண்டே இருக்குமாம். பொன்னி அதை ஏசுதாஸிடம் சொன்னாள். அவன் நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஜோயலிடம் சொன்னான். அங்கேயே விஷயம் அவள் கையைவிட்டுப் போனது.

"அண்ணி, இது ஃபைவ் பாயின்ட் ஒன்னு. முன்னாடி மூணு, பின்னாடி ரெண்டு, கீழ ஒரு பெரிய பொட்டி. தியேட்டரே வூட்டுக்கு வந்துரும்."

"தியேட்டர் வூட்டுக்கு வந்தா முறுக்கு விக்கிறவன் எங்க நிப்பான்?" என்றாள் பொன்னி.

கடைக்காரர் திருநாவுக்கரசு சிரித்தார். "மேடம், அந்தப் பெரிய பொட்டி போட்டுக் கேட்டுப் பாருங்க. எதிர் வூட்டு ஜன்னல் ஆடும்."

"எதிர் வூட்டு ஜன்னலுக்கு நா ஏன் பாட்டுப் போடணும்?"

"இவளாண்ட பேசி ஜெயிக்க முடியாது, அண்ணாத்த" என்றான் ஏசுதாஸ், பெருமையும் எரிச்சலும் சரிபாதியாக. "ரெண்டு பொட்டி செட்டு இன்னா கீதோ அதக் காட்டு."

திருநாவுக்கரசு கறுப்பு மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டை மேஜையின் இருபுறமும் வைத்து, பொன்னியை நடுவில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அவளுக்குத் தெரிந்த ஒரு பழைய பாட்டையே போட்டார். சின்ன வயதிலிருந்து ரேடியோவில் எத்தனையோ தடவை கேட்ட பாட்டு. பாடுகிறவர் ஒரு வரியை முடித்துவிட்டு மூச்சு வாங்கும் இடத்தில் வயலின்கள் கூட்டமாக எழுந்து வரும். அந்த இடத்துக்காகவே அவள் அந்தப் பாட்டைக் கேட்பாள். இப்போது அந்த இடம் வந்தது. வயலின்கள் வரவில்லை. வந்தன, ஆனால் அடுத்த தெருவில் யாருடைய கல்யாணத்திலோ வாசிக்கிற மாதிரி வந்தன. வலப்பக்கத்தில் தபேலா மட்டும் விரல் படுவதுகூடத் தெரிகிற மாதிரி துல்லியமாக ஒலித்தது.

"லெஃப்ட் பொட்டி சரியா வேலை செய்யுதா?"

மூன்று ஆண்களும் காதைச் சாய்த்தார்கள். "சூப்பரா கீது அண்ணி" என்றான் ஜோயல்.

ஒரு லைனில் சத்தம் குறைந்தால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஆபீசில் ஒரு வழி உண்டு. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே விடு. கோளாறு கூடவே இடம் மாறினால் மாற்றிய பொருளில் கோளாறு. மாறாமல் அங்கேயே நின்றால் நிற்கிற இடத்தில் கோளாறு. பொன்னி எழுந்திருக்காமலே, "ரெண்டு பொட்டியையும் எடம் மாத்தி வையுங்க" என்றாள். திருநாவுக்கரசு முகத்தைச் சுளித்தாலும் மாற்றி வைத்தார். பாட்டு மறுபடி முதலிலிருந்து வந்தது. வயலின்கள் எழுந்தன. வலக்காதுக்குள் மழை இறங்குகிற மாதிரி எழுந்தன. இப்போது தபேலாதான் மங்கிவிட்டது. அந்த விரல் படுகிற நுனிச்சத்தம் போய், வெறும் தொம்மென்ற அடி மட்டும் எங்கோ கேட்டது. இடப்பக்கத்துக் கோளாறு இடப்பக்கத்திலேயே நின்றது.

அவள் முழங்கால்மேல் இருந்த கைப்பையைத் திறந்து, எதையும் தேடாமல், மூடினாள்.

"சரி. இதையே குடுங்க" என்றாள்.

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு ரயிலில் திரும்பும்போது யோசித்துப் பார்த்தாள். ஹெட்செட்டின் ஒற்றைக் குமிழ் எப்போதும் இடக்காதில்தான். வலக்கை எழுதிக்கொண்டே இருக்கும் என்பதால் சேர்ந்த நாளிலிருந்து அப்படிப் பழகிவிட்டது. எப்போது அதை வலக்காதுக்கு மாற்றினோம்? போன வருஷமா, அதற்கு முன்பா? மாற்றியது நினைவில்லை, மாறியிருந்தது. ரேடியோவில் ஒரே பெட்டிக்குள்ளிருந்து எல்லாம் சேர்ந்து வந்தது. அதில் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. இரண்டு பெட்டியின் நடுவே உட்கார்ந்த பிறகுதான் தனக்கு ஒரு பக்கம் இல்லையென்று தெரிகிறது. வீட்டில், "நாம்பாட்டுக்கு பேசிக்கினு கீறேன், பதிலே வர்ல. ஆபீஸ்ல மட்டும் வணக்கம் சார்னு தேனா ஊத்து" என்று ஏசுதாஸ் கத்தியதெல்லாம் எந்தப் பக்கத்திலிருந்து என்று இப்போது நினைத்துப் பார்த்தாள். பரனூர் வந்தது. இடப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏசுதாஸ் ஏதோ சொன்னான். அவள் தலையாட்டி வைத்தாள்.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று முடிவெடுத்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. சொல்ல நினைக்கும்போதெல்லாம் ஞானம்மாள் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். ஞானம்மாளும் ஆபரேட்டர்தான். காது மந்தமாகி, மூன்று வருஷத்துக்கு முன் பழைய ரெக்கார்டுகள் வைத்திருக்கும் அறைக்கு மாற்றப்பட்டவள். சம்பளம் குறையவில்லை, மரியாதைக்குறைவாகவும் யாரும் நடத்தவில்லை. ஆனால் அவளிடம் எல்லோரும் கத்தினார்கள். பிறகு கத்துவது சிரமமென்று பேசுவதையே நிறுத்தினார்கள். கேன்டீனில் அவளைப் பார்த்தால் கட்டைவிரலை உதட்டில் வைத்துக் கவிழ்த்து, டீ வேண்டுமா என்று கேட்பார்கள். பொன்னியும் அப்படிக் கேட்டிருக்கிறாள்.

கம்ப்யூட்டர் ஹாலில் ஜன்னலை ஒட்டி வந்து உட்கார்ந்தது. ஒன்பதாவது படிக்கும் மகள் ஷாரோன் முதல் நாளே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, அம்மாவுக்குப் பாட்டுப் போடவும் நிறுத்தவும் சொல்லிக்கொடுத்தாள். நான்காம் நாள், ஆபீசிலிருந்து வந்து வீட்டில் தனியாக இருந்தபோது, திரையின் மூலையில் இருந்த சின்ன ஸ்பீக்கர் படத்தைப் பொன்னி இரண்டு தடவை தட்டினாள். திரையில் வரிசையாக நகர்த்தும் கட்டைகள் வந்தன. மேலும் கீழும் நகர்வது சத்தத்துக்கு. அதற்கு மேலே குறுக்காகப் படுத்திருந்த ஒன்று, எந்தப் பெட்டிக்கு எவ்வளவு சத்தம் என்பதற்கு, வலமும் இடமும் நகர்ந்தது. சுட்டியால் அதைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தாள். தபேலா சன்னமானது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். இன்னும் இழுத்தாள். ஓர் இடத்தில், பாடுகிறவர் நேராக அவள் முகத்துக்கு முன்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கினார். வயலின்கள் இடப்பக்கத்திலிருந்தே வந்தன. வலக்காதுதான் அதைக் கேட்டிருக்கும், அது அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் அவை இடப்பக்கத்திலிருந்து வந்தன. அடுப்பில் பால் பொங்கி வழியும் வாசனை வந்த பிறகுதான் எழுந்தாள்.

தினமும் மாலை நாலரையிலிருந்து ஐந்தரை வரை அவளுடைய நேரம். அதற்குப் பிறகு ஷாரோன் டியூஷன் முடிந்து வருவாள், தொழிற்பேட்டை ஷிப்டு முடிந்து ஏசுதாஸ் வருவான். எழுந்திருக்குமுன் கட்டையை நடுவில் திருப்பி வைக்கப் பல நாள் மறந்துபோனாள். மறந்தாள் என்பதுகூடச் சரியில்லை. அந்த இடத்திலேயே அது இருக்கட்டும் என்று கைக்குத் தோன்றியது.

"எவ இத இழுத்து வுட்டது? ஷாரோன்! பாடறவன் செவுத்துல போய் ஒட்டிக்கினு கீறான் பாரு."

"நா இல்லப்பா."

"பின்ன எலி வந்து இழுத்துச்சா?"

"எலிக்கு இந்தப் பாட்டெல்லாம் பிடிக்காதுப்பா. நீ போடற பாட்டக் கேட்டு அது எப்பவோ வூட்ட காலி பண்ணிட்டுப் போச்சு."

சமையலறையில் பொன்னி முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். மகள் திட்டு வாங்குகிறாள், ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். கீரை முடிகிற வரைக்கும் அந்த ஒரு வார்த்தையைத் தேடினாள். மறுநாள் கட்டை நடுவில் இருந்தது. அவள் இழுத்தாள். அதற்கு மறுநாளும் நடுவில் இருந்தது. இப்படியே ஒன்றரை மாதம் போயிற்று. ஏசுதாஸ் கடைக்காரர் திருநாவுக்கரசுக்குப் போன் பண்ணி, "உன் கம்ப்யூட்டர் தன்னால கோணிக்கினு போவுது, இன்னா பேஜாரு இது" என்று சண்டை போட்டான். அவர் ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்.

ஒருநாள் டியூஷன் இல்லாமல் ஷாரோன் சீக்கிரம் வந்துவிட்டாள். பொன்னிக்குத் தெரியவில்லை. பாட்டு முடிந்து திரும்பியபோது, இடப்பக்கம் இரண்டடி தூரத்தில் பள்ளிப்பையோடு மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. அவள் பார்வை அம்மாவின் முகத்திலிருந்து திரைக்குப் போய், இடப்பக்கம் ஒதுங்கிக்கிடந்த கட்டையில் நின்றது.

"மூணு தபா கூப்ட்டேம்மா" என்றாள். குரலில் குற்றம் எதுவும் இல்லை. அதுதான் பொன்னிக்குப் பயமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து நேராக ஜோயலும் வீட்டுக்கு வந்தான். சாப்பாடு முடிந்ததும், கம்ப்யூட்டரில் அந்தப் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருக்க, பையிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தான். உள்ளே காதை முழுக்க மூடுகிற கறுப்பு ஹெட்போன்.

"அண்ணி, ஒங்களுக்குத்தான். வயர்ல ரெண்டு திருகு கீது பாருங்க. லெஃப்ட்டுக்குத் தனியா, ரைட்டுக்குத் தனியா. எந்தப் பக்கம் எவ்ளோ வேணுமோ வெச்சிக்கலாம். ஸ்பீக்கர் கட்டை நடுவுலயே இருக்கும், யாருக்கும் தொந்தரவு இல்ல."

நல்ல பொருள். கடை கடையாக ஏறித்தான் வாங்கியிருப்பான். பொன்னி கையில் எடுத்துப் பார்த்தாள். மெத்து மெத்தென்றிருந்தது. ஆபீஸ் ஹெட்செட்டைப் போல் காதை அழுத்தாது. அவளுக்கு என்ன தேவையோ அதைச் சரியாகக் கண்டுபிடித்துச் செய்த மாதிரி இருந்தது. தேவை இதுதான் என்று இவனுக்கு யார் சொன்னார்கள்? ஷாரோன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பாமல் பைபிளின் அட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

ஏசுதாஸ் எழுந்து வந்து பொன்னிக்கு வலப்பக்கத்தில் உட்கார்ந்தான். இடப்பக்கம்தான் காலி நாற்காலி இருந்தது. அவன் ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு வலப்பக்கம் உட்கார்ந்தான். இந்தச் சில நாளாகவே சாப்பாட்டிலும் வண்டி ஏறும் இடத்திலும் இவன் இந்தப் பக்கம்தான் வருகிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கத்தாமல், பக்கத்தில் வந்து, ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில் பேசினான்.

"மாட்டிக்கோயேன் பொன்னி. ஒன் இஷ்டத்துக்கு எவ்ளோ நேரம் வேணா கேளு. யாரும் ஒன்ன எதுவும் கேக்க மாட்டோம்."

யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஹாலின் நடுவில் கறுப்பாகக் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளிடம் யார் என்ன கேட்பார்கள்? சாப்பிட வரச்சொல்ல ஷாரோன் எதிரில் வந்து நின்று கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டுவாள். பொன்னி தலையாட்டுவாள். அது அவளுக்கு இப்போதே தெரிந்தது. மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். மூவரும் நல்லவர்கள்.

அவள் ஹெட்போனின் வயரை நாலு விரலில் சுற்றி, அழகாக மடித்து, பெட்டியில் வைத்து ஜோயலிடம் நீட்டினாள்.

"வேணாம் ஜோயல். நீயே வெச்சிக்க. நா இதுலயே கேக்குறேன்."

"இல்ல அண்ணி, ஒங்களுக்கோசரம்தான்…"

"தெரியும்ப்பா. வேணாம்."

குரல் உயரவில்லை. நம்பர் மாறிவிட்டது என்று சொல்லும் குரல்தான். ஜோயல் அண்ணனைப் பார்த்தான். ஏசுதாஸ் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. பொன்னி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிச் சுட்டியைப் பிடித்தாள். நடுவில் நின்ற கட்டையை மூன்று பேரும் பார்க்கவே மெதுவாக இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அவளுடைய இடம் வந்ததும் நிறுத்தினாள். பாட்டு பாதியில் இருந்தது. வயலின்கள் அறைக்குள் ஒருபக்கமாகச் சாய்ந்து வந்தன. இடப்பக்கத்து ஸ்பீக்கரை ஒட்டி நின்றிருந்த ஜோயல், பெட்டியை மார்போடு பிடித்தபடி, அந்தச் சத்தத்துக்கு ஓர் அடி விலகி நின்றான்.