பதினான்காம் பலகை

எல்லோரும் அவளைப் படகுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். சேற்றிலிருந்து எடுத்த ஆயிரம் வருடத்து மரப்படகை, தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து இரண்டு வருடமாகக் கண்ணை இமை காப்பது போலக் காத்துவந்தாள். அந்த மரம் காய்ந்தால் அவ்வளவுதான், சருகாகிவிடும்.

இன்று அதற்குத் தீர்ப்பு நாள். மதிப்பிட வந்த அம்மாள் ஒரு மெல்லிய ஊசியைப் பலகைகளில் அழுத்திக்கொண்டே வந்தார். ஊசி எவ்வளவு இறங்குகிறதோ மரம் அவ்வளவு நைந்திருக்கிறது என்று கணக்கு. படகு முழுசாக இருந்தால் மெழுகேற்றிக் காட்சிக்கு வைப்பார்கள். இல்லையென்றால் திரும்பவும் சேற்றில் புதைத்துவிடுவார்கள்.

பதின்மூன்று பலகைகள் அவளுடைய பதிவேட்டோடு அச்சு அசலாக ஒத்துப்போயின. பதினான்காவது, படகின் அடியில் தாங்குசட்டத்துக்குள் மறைந்திருந்த பலகை. அதில் ஊசி இறங்கவில்லை. அம்மாள் இன்னும் அழுத்தினார். ஊசி வளைந்தது.

"என்னம்மா இது? பதினெட்டு மில்லிமீட்டர்னு எழுதியிருக்கீங்க?"

அவளுக்குத் தலையில் இடி விழுந்தது. அதை அவள் அளக்கவே இல்லை. தொட்டியில் இறக்கிய அன்று, மரம் காய்ந்துவிடப்போகிறதே என்ற பதற்றத்தில், பக்கத்துப் பலகையின் எண்ணையே போட்டு ஒப்பேற்றியிருந்தாள். அளந்திருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். இது புதுப் பலகை.

தாங்குசட்டம் செய்த தச்சன் அவளுடைய அண்ணன்தான். அதைத் தூக்கிப்பிடிக்க வந்தவன் பேயறைந்தாற்போல் நின்றான்.

"அண்ணா, என்ன பண்ணித் தொலைச்சே?"

"தூக்குறப்போ உடைஞ்சுபோச்சும்மா. உன் வேலை போயிடுமேன்னு பயந்து, ஒண்ணு இழைச்சுக் கருப்படிச்சுச் சொருகிட்டேன். ஆனா பழசைத் தூக்கிப் போடலை. பத்திரமா வெச்சிருக்கேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஒரிஜினல் இருந்தா ஒட்டிக்கலாம், கொண்டு வாங்க," என்றார் அம்மாள்.

எதிர்த் தெருவிலிருந்த தன் பட்டறைக்கு ஓடியவன் மூச்சிரைக்க ஒரு தகரப் பெட்டியோடு வந்தான்.

"ஒரு சொட்டுத் தண்ணி படவிடலை மேடம்," என்றான் பெருமையாக. "நிழல்ல உலர்த்தி, துணி சுத்தி வெச்சேன். தச்சன் கையில மரம் கெடுமா?"

இந்த மரம் காயக் கூடாது என்று அவனிடம் யாரும் சொன்னதே இல்லை. வீட்டில் படகுப் பேச்சே எடுக்கக் கூடாது என்று அண்ணி சலித்துப்போய்த் தடை போட்டிருந்தாள். இவளும், பொய்க் கணக்கு வெளிவராது, நல்லதாகப் போயிற்று என்று வாய் திறந்ததில்லை.

துணியைப் பிரித்தான். முழ அகலப் பலகை இரண்டு விரல் அகலத்துக்குச் சுருங்கி, முறுக்கிக்கொண்டு கிடந்தது. அவள் தொட்டதும் முனை பொடியாக உதிர்ந்தது.

"தண்ணியில போட்டா பழையபடி ஊறிடாதா?" என்றான் அவன்.

"ஊறாதுண்ணா."

"தப்பு என்னோடது மேடம். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"அளக்காம எழுதினது நான்," என்றாள் அவள். "அன்னைக்கே அளந்திருந்தா இதைக் காப்பாத்தியிருக்கலாம்."

அம்மாள் வளைந்த ஊசியைத் துடைத்து உறையில் போட்டார்.

"படகைத் திரும்ப மண்ணுலயே வெச்சுடுங்க. ஆயிரம் வருஷம் அது பாத்துக்கிச்சு. நீங்க ரெண்டு வருஷம் பாத்துக்கிட்டீங்க."