கோணல் அடைப்பு

மீன்வலையை மிதக்க வைக்கும் கண்ணாடிக் குண்டுகளை ஊதுவதுதான் அவளுடைய புருஷனின் தொழில். ஊதி முடித்ததும் துளையைச் சுடச்சுட ஒரு கண்ணாடிச் சொட்டால் அடைத்துவிடுவார்கள். ஊதியவனின் மூச்சு உள்ளேயே கிடக்கும்.

அவன் போய்ச் சேர்ந்த பிறகு வலைகளுக்கு பிளாஸ்டிக் வந்துவிட்டது. பழைய குண்டுகள் மூட்டை மூட்டையாக உருக்குவதற்கு அவன் வேலை பார்த்த அதே ஆலைக்குத் திரும்பின. அவற்றை உடைத்துப் போடும் வேலை அவளுக்குக் கிடைத்தது.

"ஒண்ணைக்கூட முழுசா உலையில போட்டுடாதேம்மா, வெடிச்சுடும்" என்று மேஸ்திரி ஓயாமல் சொல்வார்.

அன்று ஓங்கிய சுத்தியல் அப்படியே நின்றது. கையிலிருந்த குண்டின் அடைப்பு இடப்பக்கம் கோணியிருந்தது. அடைப்பைக் கோணலாக வைத்து மேஸ்திரியிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டவன் அந்த ஆலையில் ஒருவன்தான்.

முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தாள். பார்க்கப் பார்க்க அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"நான் என்ன கேட்டாலும் இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருப்பீங்க. சாகும்போதாவது ஒரு வார்த்தை சொன்னீங்களா? இப்பவாவது வாயைத் திறங்களேன்!"

கண்ணாடி லேசாக மங்கியது. கத்தியதில் தன் மூச்சுதான் பட்டிருக்கும் என்று முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள்.

மங்கல் உள்பக்கம் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லக் கலைந்தது. பிறகு மறுபடியும் படர்ந்தது.