கன்ட்ரோல் ஆர்மில் நின்றுபோன ஐம்பத்திரண்டு கிலோ

இறந்து பதினோரு மாதம் கழித்தும் அலைன்மென்ட்காரரின் மகள் தன் கணவனுடைய காரில், ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில், ஐம்பத்திரண்டு கிலோ இருந்தாள். சக்கரங்களுக்கு அடியில் வைத்த நான்கு எடைத்தட்டுகளும் அப்படித்தான் காட்டின. தட்டுகளை இடம் மாற்றிப் பார்த்தார்கள், காரைத் திருப்பி நிறுத்திப் பார்த்தார்கள், காலி இருக்கையைத் துணியால் துடைத்தும் பார்த்தார்கள். ஐம்பத்திரண்டுதான். பெல்ட் மாட்டாவிட்டால் கார் கீச்கீச்சென்று கத்தியது; மாட்டிவிட்டால் அடங்கியது.

அது வேகத்துக்கென்றே செய்யப்பட்ட கார். மாப்பிள்ளை அதை ஓட்டியதென்னவோ வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே, ஒன்பது வேகத்தடைகள் உள்ள சாலையில். தெருவில் அவருக்கு 'ரேஸ்' என்று பெயர். அது கிண்டல் என்று அவரிடம் எடுத்துச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. கார் கிளப்பில் அவர் துணைச் செயலாளர். மாதம் ஒருமுறை பன்னிரண்டு பேர் தோல் கையுறை அணிந்து கூடி, ஒருவர் காரை ஒருவர் குனிந்து பார்த்து, தேநீர் குடித்துக் கலைவார்கள். அப்படியொரு கூட்டத்தில் தலைவரின் காருக்கு அடியில் சிவப்பு கன்ட்ரோல் ஆர்ம்களைப் பார்த்ததிலிருந்து ரேஸுக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. முன்சக்கரத்தைக் காரின் உடலோடு பிடித்து வைத்திருக்கும் கை அது. கம்பெனிக் கை ஒரே நீளம், தன்பாட்டுக்குக் கிடக்கும். வெளியில் வாங்கிப் போடும் இந்தச் சிவப்புக் கைக்கு மரை உண்டு. திருகினால் நீளும், குறுகும், சக்கரம் உள்ளே சாயும், வெளியே சாயும். வேண்டிய இடம் வந்ததும் லாக் நட்டைப் போட்டு இறுக்கிவிடலாம். வளைவில் நூற்று இருபதில் திரும்பினாலும் பிடி விடாது என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. ரேஸ் போகும் வழியில் இருந்த ஒரே வளைவு மருந்துக்கடை முனை.

கைகளைப் பூட்டிக்கொடுத்தவர் மாமனார்தான். முப்பது வருடமாகச் சக்கரங்களை நேராக்கும் தொழில் அவருக்கு. மற்ற பட்டறைகளில் இருக்கையில் மணல்மூட்டையை வைத்து, அதை ஆளாகப் பாவித்து அளவு வைப்பார்கள். அலைன்மென்ட்காரர் மூட்டையைத் தொடமாட்டார். எவர் அந்தக் காரில் போகப்போகிறாரோ அவரையே உட்காரவைத்துத்தான் நட்டை இறுக்குவார். மூட்டை மூச்சு விடாது என்பது அவர் கட்சி. அந்த ஞாயிற்றுக்கிழமையும் மாப்பிள்ளையையும் மகளையும் உட்காரவைத்துவிட்டு அடியில் படுத்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. நடுவில் மகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அப்பா, கல்யாணமாகி நாலு வருஷத்துல உங்க மாப்பிள்ளை சேர்ந்தாப்புல ரெண்டு மணி நேரம் என் பக்கத்துல உக்காந்தது இன்னிக்குத்தான். மெதுவாவே திருகுங்க."

அவரும் மெதுவாகவே திருகினார்.

மறுவருடம் அவள் இரத்தத்தில் ஏதோ வந்து ஏழு மாதத்தில் எல்லாம் முடிந்தது. ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் அவளைத் தூக்கி எடைமெஷினில் நிறுத்த வேண்டும். எடை பார்ப்பது தன் தொழில் என்று நர்ஸிடம் சொல்லி அலைன்மென்ட்காரரே நிறுத்தினார். நாற்பத்தொன்பது, நாற்பத்துநான்கு, முப்பத்தொன்பது. கடைசி வாரம் முப்பத்தாறு. அதற்குப் பிறகு அவர் முள்ளைப் பார்க்கவில்லை. மெஷினுக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த கைகழுவும் முறையை ஆறு படங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே பதினோரு மாதம் கழித்து, டயர் ஒருபக்கம் தேய்கிறது என்று மாப்பிள்ளை காரைக் கொண்டுவந்து விட்டபோது, தட்டில் வந்த எண்ணைப் பார்த்ததும் அவருக்கு முதலில் தோன்றியது ஒன்றே ஒன்று: முப்பத்தாறு இல்லை. கன்னம் இருந்த காலத்து எடை. கம்ப்ரஸருக்குப் பின்னால் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, டயரில் காற்றுக் குறைவு, வாராவாரம் சனிக்கிழமை கொண்டுவந்து காட்டுங்கள் என்று சொன்னார். மாப்பிள்ளை ஏன் என்று கேட்கவில்லை. வாராவாரம் வந்தார்.

விஷயம் கிளப்புக்குத் தெரிந்து, மூவர் குழு அமைத்தார்கள். குழு பதினான்கு பக்க அறிக்கை எழுதிக் காரணம் ஈரப்பதம் என்று கண்டுபிடித்தது. கம்பெனி ஆள் கழுத்துப்பட்டையோடு வந்து, இறந்தவரின் எடை அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்தான் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எல்லாம் மனப்பிரமை என்று நிரூபிக்கத் தலைவரே அந்த இருக்கையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்து கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தார். அன்றிலிருந்து அவர் கூட்டங்களில் பேசுவதில்லை. கிளப் கண்ட ஒரே முன்னேற்றம் அதுதான் என்று உறுப்பினர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு மாப்பிள்ளையின் அம்மா அவருக்கு ஒரு பெண் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவள். முதன்முதலாகக் காரில் ஏறி உட்கார்ந்தவள் சட்டென்று எழுந்து, காலி இருக்கையைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். "அவங்க உக்காந்திருக்காங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்றாள். சீட் வெயிலில் சுட்டிருக்கும் என்று மாமியாராக வரவிருந்தவள் சமாளித்தாள்.

அடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளை பட்டறைக்குக் கையுறை இல்லாமல் வந்தார்.

"மாமா, வேற கடையில விட எனக்கு மனசு வரல. அவ உக்காந்திருந்தப்ப நீங்க இறுக்கின நட்டு அது. நீங்க அவிழ்த்தாத்தான்..."

பார்க்கலாம் என்றார் அலைன்மென்ட்காரர். நான்கு மாதம் பார்த்தார். நட்டு துருப்பிடித்துவிட்டது என்றார், அதற்கென்று ஒரு ஸ்பேனர் வரவேண்டும் என்றார், வந்த ஸ்பேனர் சேரவில்லை என்றார். மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நட்டு பளபளவென்று இருந்ததை இருவருமே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கடைசியில் அலைன்மென்ட்காரரின் மனைவி வந்தாள். கிரீஸ் நாற்றம் ஆகாது என்று முப்பது வருடமாகப் பட்டறை வாசலை மிதிக்காதவள். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் காரின் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினாள். கண்ணாடி ஏற்றியிருந்ததால் என்ன பேசினாள் என்பது பதிவாகவில்லை. இறங்கி, புடவையை உதறிக்கொண்டாள்.

"அவிழ்த்துடுங்க. அந்தப் பொண்ணு எத்தனை நாளைக்குப் பின்சீட்டுலயே உக்காருவா?"

"அவிழ்த்தா இவ போயிடுவா."

"எங்க போவா? வழி தெரியாதவளா அவ?"

அவர் அடியில் படுத்தார். ஸ்பேனர் முதல் முயற்சியிலேயே சேர்ந்தது. இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று. கார் ஒருபக்கமாக ஒரு விரற்கடை மேலெழுந்தது, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் இறங்கிக்கொண்டதும் சீட் எழும்புமே, அதுபோல. தட்டில் எண்கள் இறங்கி நின்றன. வாத்தியாரம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார், ஐம்பத்தெட்டு. அவளுடைய அளவுக்குத் திருகி, இறுக்கி, நட்டின் மேல் வெள்ளைக் கோடு போட்டார். கார் நூல் பிடித்தாற்போல் போயிற்று. அலைன்மென்ட்காரரால் மட்டும் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் முட்டிவலிக்காக மருத்துவரிடம் போனார். எழுபத்தோரு கிலோவைத் தாண்டியே அறியாத ஒடிசல் உடம்பு, நூற்று இருபத்துமூன்று காட்டியது. சுவரில் ஆறு சான்றிதழ்களை மாட்டியிருந்த மருத்துவர் இனிப்பைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், இருபது கிலோவாவது இறங்கியே ஆகவேண்டும் என்றார். ஒரு கிலோகூட இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அலைன்மென்ட்காரர் எழுந்து வந்தார். வீட்டு மாடிப்படியில் மூன்றாம் படியிலேயே நின்றுவிட்டார். பின்னால் வந்த மனைவி பையைக் கீழே வைத்தாள்.

"மூச்சு வாங்குது உங்களுக்கு. அவளைக் குடுங்க, ஒரு வாரம் நான் வச்சுக்கறேன்."

படியில் நின்றபடியே கொடுத்தார்.

அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது அவர் எழுபத்தொன்று, அறுபதைத் தாண்டாத மனைவி நூற்றுப் பன்னிரண்டு. அதற்கடுத்த முறை மாறியிருந்தது. மருத்துவர் முதலில் இரத்தம் எடுத்தார், பிறகு படம் எடுத்தார். அப்புறம் இருவருக்கும் தனித்தனிச் சீட்டு வைப்பதையே விட்டுவிட்டு, இருவர் எடையையும் கூட்டி ஒரே சீட்டில் நூற்று எண்பத்துமூன்று என்று எழுதி, எதிரே 'மாற்றமில்லை' என்று குறித்துக்கொள்ளத் தொடங்கினார்.