கட்டினவர்

அந்த ரயில் நிலையத்தை வரைந்தவர் ரயிலில் போகிற ஆளில்லை. அவருடைய மனைவி தினமும் போனாள். ஊருக்குள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை.

நிலையம் பார்ப்பதற்கு அழகுதான். பெரிய சாலையைப் பார்த்தபடி ஒரு வளைவு, வளைவுக்குள் அகலமான படிக்கட்டு, மேலே கண்ணாடிக் கூரை. ஆனால் இருந்தது அந்த ஒரே படிக்கட்டு. அதுவும் நடைமேடையின் வால் பக்கத்தில். பெண்கள் பெட்டி வந்து நிற்பதோ தலைப்பக்கம். மாலையில் இறங்குகிற பெண்கள் பன்னிரண்டு பெட்டி நீளத்தையும் நடந்தே தீரவேண்டும். நடுவழியில், மேடை குறுகுகிற இடமாகப் பார்த்து, அழகுக்கென்று உருண்டைக் கல்தூண்கள் வேறு நட்டிருந்தார். அங்கே கூட்டம் பிதுங்கி நிற்கும்போதே அடுத்த வண்டி வந்து இன்னொரு கூட்டத்தைக் கொட்டிவிட்டுப் போகும்.

எல்லாம் காகிதத்தில் இருந்தபோதே அவள் சொல்லிப் பார்த்தாள்.

"அந்தக் கோடியிலயும் ஒரு படி வைங்களேன்."

"அந்தக் கோடியில என்ன இருக்கு? ஒரு சந்து, நாலு பட்டறை. அங்க வாசல் வெச்சா யார் பாக்கப் போறா?"

"வாசல் பாக்கறதுக்கா? போறதுக்குத்தானே?"

அவர் சிரித்தார். சின்னப் பிள்ளையைச் சமாதானம் செய்வதுபோல அவள் புறங்கையை இரண்டு தட்டு தட்டினார். அந்தத் தட்டலை அவள் மறக்கவில்லை.

பெட்டியில் அவளுக்கு இரண்டு தோழிகள். ஒருத்தி நர்ஸ், இன்னொருத்தி தையற்கடைக்காரி. தூண்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கும் நேரம் முழுக்க இருவரும் நிலையத்தைக் கட்டினவனைத் திட்டித் தீர்ப்பார்கள்.

"அவன் பொண்டாட்டிய ஒரு நாள் இந்த ட்ரெயின்ல ஏத்தி விடணும். அப்பத் தெரியும் அவனுக்கு" என்பாள் நர்ஸ்.

முதலில் அவளுக்குச் சுருக்கென்றது. பிறகு பழகிவிட்டது. அதற்கப்புறம் அவளே புதுப் புது வசவாக எடுத்துக் கொடுத்தாள். வீட்டில் அவருக்குத் தட்டு வைக்கும்போதும் அது நாக்கில் இனித்துக்கொண்டிருக்கும். கோபம் என்றால் சண்டை போட்டிருப்பாள். மதிப்பே போனபின் சண்டைக்கு என்ன வேலை?

ஒரு முறை அவருடைய கார் பட்டறைக்குப் போயிற்று. வேறு வழியில்லாமல் மாலையில் அவளோடு ரயிலில் திரும்பினார். அவருக்காக அவள் பக்கத்துப் பெட்டியில் ஏற, தோழிகளும் கூடவே ஏறினார்கள். "எங்க வீட்டுக்காரர்" என்றாள்; அதற்கு மேல் சொல்லவில்லை.

இறங்கி நடந்தார்கள். தூண்களுக்கு அருகே கூட்டம் அவரை இரண்டு பக்கமும் நெருக்கியது. யாரோ குதிகாலை மிதித்ததில் ஒரு ஷூ கழன்றுகொண்டது. குனியவும் இடமில்லை. ஒற்றைக் காலுறையோடு தள்ளப்பட்டுப் போனவர் வெடித்தார்.

"பிளாட்பாரத்துல ஒரு குறையும் இல்லீங்க. இந்த ஜனங்களுக்குத்தான் நடக்கத் தெரியல!"

தையற்கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இங்க நெஜமாவே கூடந்தான் சார் கோணல்."

"கட்டுனவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்" என்றாள் நர்ஸ். "பெரிய ஊசியா எடுத்து வெச்சிருக்கேன்."

"அப்படிப் பேசாதீங்க. அவர் எவ்வளவு யோசிச்சிருப்பார் தெரியுமா?"

"ஏன் சார், உங்களுக்கு அவரத் தெரியுமா?"

அவர் மனைவியைப் பார்த்தார். ஏதாவது சொல்லிக் காப்பாற்று என்கிற பார்வை.

"என்னைக் கட்டுனவரும் இவர்தான், இதக் கட்டுனவரும் இவர்தான்" என்றாள் அவள்.

நர்ஸ் திறந்த வாயை மூட மறந்தாள். தையற்கடைக்காரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்கப் பீறிட்டது. பின்னால் நின்றவர்கள் என்ன என்ன என்று கேட்டார்கள். கூட்டம் நகராவிட்டாலும் சேதி நகர்ந்தது. முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் கழுத்தைத் திருப்பி, கிண்டலே இல்லாமல் கேட்டார்: "சார், இந்தத் தூணெல்லாம் எதுக்குங்க?"



வீட்டுக்கு வந்ததும் கத்தினார். "அத்தன பேர் முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே!"

"மானமா? ஒரு ஷூதானே போச்சு" என்று சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போனாள்.

அடுத்த மழைக்காலத்துக்குள் ரயில்வேக்காரர்கள் அவரைக் கேட்காமலே தூண்களைப் பெயர்த்தெடுத்தார்கள். தலைப்பக்கம், சந்தில் போய் இறங்கும்படி ஓர் இரும்புப் படிக்கட்டை நிறுத்தினார்கள். அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. பெண்கள் பெட்டியிலிருந்து இறங்கினால் எதிரே படி. அவள் இப்போது வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

சென்ற மாதம் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார்கள். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது சகலையிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த ரெண்டாவது படி என் ப்ளான்லயே இருந்தது தம்பி. எல்லாத்தையும் ஒரே நேரத்துல செய்யக்கூடாது, கட்டம் கட்டமாத்தான் செய்யணும்னு நான்தான் சொல்லிவெச்சேன்."

சகலை நிஜமா என்பதுபோல அவளைப் பார்த்தான்.

அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "ஆமா" என்றாள். "இவர் எல்லாத்தையும் முன்கூட்டியே யோசிச்சிருவார்."

அவருக்குப் பரம திருப்தி, நிமிர்ந்து உட்கார்ந்தார். தங்கைதான் அக்காவின் குரலைப் புரிந்துகொண்டு, வாயைப் பொத்தியபடி எழுந்து சமையலறைக்கு ஓடினாள்.