ரெண்டும் இடதுகால்

டீச்சர் வரும்வரை மிஷினைத் தொடக்கூடாது. பகலில் பிள்ளைகள் படிக்கும் அந்த அறையில், சாயங்காலத் தையல் வகுப்புக்கு வந்த பெண்கள் மூடிபோட்ட மிஷின்களுக்கு முன்னால் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். இருப்பவர்களில் மூத்தவளுக்குப் பெரியக்கா என்று பெயர் விழுந்திருந்தது. வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிறவள். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்து, நூல் பிடித்தால் வழுக்கியது.

புருஷன் கொத்தனார். மழைக்காலத்தில் சாரத்திலிருந்து விழுந்தவன், இன்னும் எழுந்து நடமாடவில்லை. வேலை கொடுத்த மேஸ்திரி ஒருமுறை பழம் வாங்கிவந்து பார்த்ததோடு சரி, அப்புறம் போனையே எடுப்பதில்லை.

டீச்சர் வந்து மூட்டையைப் பிரித்தாள். எப்போதும்போல வெட்டிய பைஜாமாத் துணி, ஜோடி ஜோடியாக. மூட்டித் தைப்பது மட்டும்தான் இவர்கள் பாடு.

"டீச்சர், வெட்டுறது எப்போ சொல்லிக் குடுப்பீங்க?"

"முதல்ல தையல் நேரா வரட்டும்க்கா."

"வந்து எத்தனையோ நாளாச்சு. நீங்களே சொன்னீங்களே."

"துணி வீணாப்போச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்" என்றாள் டீச்சர். யாருக்குப் பதில் சொல்லணும் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

பெரியக்காவுக்கு அவசரம். கடைத்தெருத் தையல்கடையில் ஆள் தேவையாம். தனியாக வெட்டித் தைக்கத் தெரிந்தால் மாதச் சம்பளம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அது கிடைத்தால் எச்சில் பாத்திரத்துக்கு ஒரு கும்பிடு. புருஷனை நல்ல டாக்டரிடம் காட்டலாம்.

வகுப்பில் தைத்த பைஜாமா ஒன்றை டீச்சரிடம் கெஞ்சி, ஓர் இரவுக்கு வீட்டுக்கு வாங்கிவந்தாள். பழைய பேப்பரை விரித்து, ஒரு காலை அதன்மேல் வைத்துக் கோடு போட்டு வெட்டினாள். கொத்தனார் படுத்தபடியே ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"கோடு சுத்தமா இருக்கு."

"இன்னொரு காலுக்கும் வெட்டணுமா?"

"எதுக்கு? செங்கல்லுக்கு ஒரு அச்சு போதாதா? ஒரே அச்சுல எத்தனை வேணாலும் அடிக்கலாம்." பிறகு சிரித்தான். "நீ வேலைக்குப் போ. நான் படுத்துக்கிட்டே உனக்குப் பட்டன் தைச்சுத் தரேன்." அவன் சிரித்தே வெகுநாள் ஆகியிருந்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

கடையில் முதலாளி பூப்போட்ட துணியும் கத்திரிக்கோலும் கொடுத்து, "தைச்சுக் காட்டுங்க" என்றார். பேப்பரைத் துணிமேல் வைத்து ஒரு கால் வெட்டினாள். நகர்த்தி வைத்து இன்னொரு கால் வெட்டினாள். கத்திரிக்கோல் வெண்ணெயில் போவதுபோலப் போனது. இவ்வளவுதானா என்றிருந்தது.

மூட்டும்போதுதான் வம்பு வந்தது. கவட்டுப் பக்கம் சேரவில்லை. சேர்த்தால் ஒரு காலின் பூ உள்பக்கம் போனது. பிரித்தாள், திருப்பினாள், மறுபடி வைத்தாள். கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

முதலாளி வந்து தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டும் இடதுகால். துணியை மடிச்சு வெட்டணும்னு சொல்லிக் குடுக்கலையா?"

"கத்திரிக்கோலையே கையில குடுக்கலைங்க."

"ஆனா தையல் நல்லா இருக்கே. எங்க கத்துக்கிட்டீங்க?"

சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. "அட, நம்ம வகுப்புதானா? துணியெல்லாம் நான் அனுப்புறதுதான்." அலமாரியைக் காட்டினார். விலைச்சீட்டு கட்டிய பைஜாமாக்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. எது தன் கை, எது முன்வரிசைக்காரி கை என்று அவளால் சொல்ல முடிந்தது.

"அப்போ எனக்கு இங்க வேலை குடுங்க. இதத்தானே நான் இத்தனை நாளா தைச்சேன்."

"தைக்கத்தான் அங்க ஆள் இருக்காங்களேம்மா" என்றார் அவர் சாதாரணமாக. "எனக்கு வெட்டத் தெரிஞ்ச ஆள்தான் வேணும்."

அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். கொத்தனாரிடம் என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

"அந்தப் பக்கம்தானே போறீங்க?" முதலாளி மேசைக்கடியிலிருந்து மூட்டையை இழுத்தார். "கொண்டுபோற ஆள் இன்னைக்கு வரலை. டீச்சர்கிட்ட குடுத்துடுங்க."

அவர் மூஞ்சியிலேயே விட்டெறியலாம் போலிருந்தது. எறிந்துவிட்டு எந்த மிஷினில் போய் உட்காருவாள்? இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

வகுப்பில் அவளுக்குப் பக்கத்து மிஷினில் புதிதாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். செங்கல் சூளையிலிருந்து நேராக வந்திருந்தாள், காதோரமெல்லாம் செம்மண்.

"இதைக் கத்துக்கிட்டா வேலை கிடைக்குமாக்கா?"

டீச்சர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியக்கா மூட்டையின் முடிச்சை அவிழ்த்து, மேலே இருந்த ஜோடியை எடுத்துப் புதியவள் மடியில் வைத்தாள்.