ரத்தம் சொன்ன நல்ல சேதி

ஹேதிக்குக் குடலில் வந்த புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவி இரண்டு வருடமாகியிருந்தது. துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தில் மெக்கானிக்காக இருந்தவன், கல்யாணம் செய்துகொள்ளாதவன். அக்கா வஸீலாதான் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

முதலில் கொடுத்த மருந்து கட்டிகளைப் பல மாதம் அடக்கியது. ஆனால் முகமெல்லாம் கொப்புளம்; விரல்நுனிகள் வெடித்து, சட்டைப் பொத்தான்கூடப் போட முடியவில்லை. பிறகு நோய் அந்த மருந்தை ஏய்க்கக் கற்றுக்கொண்டது. மருந்தை மாற்றினார்கள். இப்போது அதுவும் கைவிட்டுவிட்டது.

"பழைய மருந்தையே மறுபடி குடுத்துப் பாக்கலாம்," என்றார் டாக்டர் ரீம். "கட்டியோட மரபணுத் துணுக்குங்க ரத்தத்துல மிதக்கும். மருந்தை ஏய்ச்ச மாற்றம் இன்னும் அதுல இருந்தா பிரயோஜனமில்ல. மறைஞ்சிருந்தா வேலை செய்யலாம்."

"திரும்ப ஈரல்ல ஊசி குத்துவீங்களா?"

"வேண்டாம் ஹேதி. கையில எடுக்குற ரத்தம் போதும்."

ரத்தம் பரிசோதனைக்காகத் தலைநகர் துனிஸுக்குப் போனது. போன் அடிக்கும்போதெல்லாம் வஸீலா துள்ளி எழுந்தாள். ஹேதி தூங்கினான்.

கடைசியில் டாக்டர் ஆஸ்பத்திரிக்கு வரவழைத்துச் சொன்னார்: மாற்றம் தென்படவில்லை. வஸீலா ஆஸ்பத்திரி நடைவழியிலேயே குலவையிட்டாள். நர்ஸ் வந்து அதட்டினாள்.

எதிர்க்கடையில் வஸீலா இரண்டு கிண்ணம் லப்லாபி என்ற கொண்டைக்கடலை சூப் வாங்கினாள். ஹேதி ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"நல்ல சேதி கேட்டவன் மூஞ்சியாடா இது? வேலைய விட்டுத் தூக்குன மாதிரி உக்காந்திருக்க."

"அந்த மாற்றம் இருக்கணும்னு நெனச்சேன்க்கா."

"என்னது?"

"இருந்தா, இனி ஒண்ணும் செய்யறதுக்கில்ல, வீட்டுக்குப் போன்னு அவங்களே சொல்லிடுவாங்க. நானா வேண்டாம்னு உன்கிட்ட சொல்ல வேண்டியதில்ல. அலுத்துப்போச்சுக்கா."

"வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சா என்னடா?" பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். வஸீலா குரலைத் தாழ்த்தினாள். "நானும் உன்ன ஒரு வார்த்தை கேக்கல. குலவை மட்டும் போட்டுட்டேன்."

இருவரும் மறுபடி ஆஸ்பத்திரி மாடியேறி டாக்டரிடம் போனார்கள். அவன் சொன்னதையெல்லாம் டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார். கொப்புளம் குறைய முன்கூட்டியே மாத்திரை தரலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றார்.

"முதல்ல கொஞ்ச நாள் கெர்கெனா தீவுக்குப் போயிட்டு வரேன். அப்புறம் ஆரம்பிங்க," என்றான் ஹேதி.

போய் வந்தான். மருந்து ஏறியது. இம்முறை கொப்புளம் குறைவு. கோடை முழுக்கக் கட்டிகள் சுருங்கியே இருந்தன; ஹேதி மீன் சந்தைக்குக்கூட நடந்து போய்வந்தான். இலையுதிர் காலத்து ஸ்கேனில் அவை மறுபடி வளர்ந்திருந்தன.

"இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பாக்கலாம்," என்றார் டாக்டர்.

ஹேதி சட்டைக் கையை மடக்கவில்லை. "போதும் டாக்டர்."

வஸீலா வாயைத் திறந்தாள். பிறகு எழுந்து அவனுடைய கோட்டை எடுத்து, அவன் கை நுழைக்க வசதியாகப் பிடித்தாள்.

"வலிக்கு மட்டும் எழுதிக் குடுங்க," என்றாள்.

திரும்பும் வழியில் வாடகைக் காரில் அவன் அவள் தோளில் சாய்ந்து உறங்கிப்போனான். தோள் மரத்துப்போயிற்று. வீடு வரும்வரை அவள் அசையவில்லை.