பேசாத எண்கள்

அம்மா போனில் பேசமாட்டாள், ரிங் விடுவாள். மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை முடிந்து கிளம்பினால் ஒரு ரிங். சிக்கல் என்றால் மூன்று. மகள் எடுத்துவிட்டால் கோபம் வரும். "கிளம்பிட்டேன்னு தெரிஞ்சா போதாதா? அதுக்கு மேல என்னடி கதை?" ரிங் வந்ததும் மகள் அடுப்பைப் பற்றவைப்பாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அப்படித்தான் அந்த வீடு ஓடியது.

அதே மகள் வீட்டின் முதல் பட்டதாரியாகித் தொலைத்தொடர்புத் துறையில் வேலைக்கும் சேர்ந்தாள். பழைய பட்டன் போன்களின் அலைவரிசையை மூடிப் புதிய வேகத் தொடர்புக்குக் கொடுக்க அரசு முடிவெடுத்திருந்தது. எத்தனை பேர் தவிப்பார்கள் என்று கணக்கெடுத்தது அவள்தான். மாதக்கணக்கில் ஒரு நிமிடமும் பேசாத எண் செத்த எண். துறையில் எல்லோரும் அப்படித்தான் கழிப்பார்கள். அவளும் கழித்தாள். மிஞ்சியவர்கள் சொற்பம். இயக்குநருக்கு வாயெல்லாம் பல்.

முதலில் மருத்துவமனை இருந்த பகுதியில் மட்டும் மூடிப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் ரிங் வரவில்லை. மகள் ஓடினாள். சலவைக் கூடத்து வாசற்படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். இஸ்திரி இயந்திரத்தின் ஆவி அடித்து வலது கை முழங்கை வரை வெந்திருந்தது. கட்டுப் போட்டிருந்தார்கள்.

"மூணு ரிங் விட்டேன்டி. திரும்பத் திரும்ப விட்டேன். உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன்."

வெந்தது அவள் கை. பயந்தது மகளுக்காக. அம்மாவை உயிரோடு கணக்கிலிருந்து அடித்தது தான்தான் என்று அந்தப் படியில் வைத்துச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் அலுவலகக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லி, மூடுவதை நிறுத்தச் சொன்னாள்.

"உங்கம்மாவுக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் குடுங்கம்மா. இதுக்குப் போய் நாட்டையே நிறுத்தணுமா?" என்றார் இயக்குநர்.

"வாங்கிட்டேன் சார். மத்தவங்களுக்கு யார் வாங்கித் தருவா?"

பக்கத்து நாற்காலிக்காரர் குனிந்து முணுமுணுத்தார். "வேலை இன்னும் நிரந்தரமாகல. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். சத்தமாவே சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

மேசைமேல் இருந்த அவள் போன் ஒருமுறை அடித்து அடங்கியது.

"எடுத்துப் பேசிட்டு வாங்க. அப்படியே கோபமும் ஆறட்டும்" என்றார் இயக்குநர்.

"எடுக்கக் கூடாது. அம்மா கட்டு மாத்திக்கிட்டு ஆஸ்பத்திரியிலேர்ந்து கிளம்பிட்டாங்க. அதான் சேதி, வந்துடுச்சு." போனை அவர் பக்கம் திருப்பினாள். "புது போன், புது அலைவரிசை. இதுலயும் அவங்க பேசல சார். நம்ம கணக்குல இந்த நம்பரும் செத்ததுதான்."

இயக்குநர் அறிக்கையை அவள் முன் தள்ளினார். "நாளைக்கு அமைச்சர் அறிவிக்கணும். கையெழுத்தைப் போடுங்க."

"இந்தக் கணக்குக்குப் போடமாட்டேன். திரும்ப எண்ணித் தர்றேன், அதுக்குப் போடறேன். அதுவரைக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் மூடினதைத் திறந்துவிடுங்க."

"வேற ஆள் போடுவாங்க."

"போடட்டும். என் பேர்ல எங்கம்மா சாகமாட்டாங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டில் அடுப்பு பற்றவைக்க வேண்டும்.